ஏ.ஐ. வந்தபின் பாடகர்களுக்கு வேலை இருக்குமா?

இருக்கும், ஆனால் குரல் யாருடைய சொத்து என்ற கேள்வி பெரிதாகிவிட்டது. 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார், குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். நல்ல முன்மாதிரி.

சரி, இது எப்படி நடக்கிறது? பழைய பதிவுகளிலிருந்து மென்பொருள் ஒரு குரலின் நிறத்தைக் கற்றுக்கொள்கிறது, அப்புறம் பொதுவாக வேறொருவர் பாடித் தருகிற பாட்டின்மேல் அந்த நிறத்தைப் போர்த்துகிறது, அதாவது மூச்சு, சங்கதி (ஒரு வரியை விதவிதமாக வளைத்துப் பாடுவது), எங்கே இழுப்பது எங்கே விடுவது எல்லாமே அந்த இன்னொரு பாடகருடைய உழைப்பு. அவருக்கும் பெயரும் சம்பளமும் வரவேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் பாடுகிறவர் என்றால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் குரலை ஏ.ஐ.க்குக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.