ரயிலில் கடந்த மாநிலம் கணக்கில் சேருமா?

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். 28 மாநிலங்களையும் பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கும் என் கணவருக்கும் நெடுநாள் ஆசை. தென்மாநிலங்கள் முடிந்தன. ரயிலில் கடந்துபோன மாநிலங்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? அடுத்து எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சேர்க்காதீர்கள் அம்மா. உங்கள் ஊர் வழியாகத்தான் கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் போகிறது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி. அதில் ஏறி உட்கார்ந்தால் ஒடிசா, வங்கம், பீகார், நாகாலாந்து எல்லாம் ஜன்னலோரம் வந்து போய்விடும். திமாப்பூர் நடைமேடையில் ஒரு டீ குடித்துவிட்டு நாகாலாந்து பார்த்தாயிற்று என்று எழுதிக்கொள்ள எனக்கு மனசு வராது. ஓர் இரவாவது தங்க வேண்டும், மறுநாள் காலையில் அந்த ஊர்ச் சந்தைக்குள் நடக்க வேண்டும். என் கணக்கு அதுதான்.

திமாப்பூரிலிருந்து மலையேறி கோஹிமா போய்ப் பாருங்கள். சந்தையில் பெண்கள் உயிருள்ள நத்தைகளைப் பாத்திரத்தில் குவித்து வைத்திருப்பார்கள். குளவிப் புழுவைக் கூட்டோடு அப்படியே விற்பார்கள். அப்புறம் போர்க் கல்லறைத் தோட்டம். 1944-ல் ஜப்பானியப் படையும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் இரு பக்கமும் இருந்து சண்டை போட்ட இடம் அது. ஆடுகளத்தின் கோடுகளை இன்றும் தரையில் வெள்ளையாகக் காட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சின்ன இடத்திலா என்று நெஞ்சு அடைத்துவிடும்.

வடகிழக்கில் பெரும்பாலும் ஏறி இறங்க வேண்டிய மலை ஊர்கள். ஆகவே, முழங்கால் ஒத்துழைக்கும்போதே அதை முடித்துவிடுங்கள். ராஜஸ்தானும் குஜராத்தும் எங்கே போய்விடப் போகின்றன? குவாஹாட்டியில் இறங்கி முதலில் மேகாலயா போங்கள். ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர்தான், அனுமதிச் சீட்டும் தேவையில்லை. நோங்ரியாட்டில் உயிருள்ள மரவேர்களைப் பின்னி வளர்த்த இரட்டை அடுக்கு வேர்ப்பாலத்துக்கு 3,000 படிக்கு மேல் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். அது சிரமம் என்றால் மாவ்லின்னாங் பக்கத்தில் ரிவாய் வேர்ப்பாலம் இருக்கிறது; கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் நம் நாட்டவரே ‘இன்னர் லைன் பெர்மிட்’ என்ற நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். 1873-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டத்திலிருந்து வருகிற வழக்கம். இப்போது ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். சிக்கிமில் கேங்டாக் வரை தடையில்லை. நாதுலா கணவாய்க்கும் சோம்கோ ஏரிக்கும் அனுமதி வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலைந்து கையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, குளிர்காலத்தில் அங்கே மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். பலர் சேர்ந்து போகிற வாடகை ஜீப்புகளான ஷேர் சுமோக்கள் பெரும்பாலும் விடியற்காலையில் கிளம்பிவிடும். பத்து மணிக்கு மேல் புறப்படுகிற பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதை சரியும், அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம்.

மணிப்பூரைக் கடைசிக்கு வையுங்கள். 2023 மே மாதம் வெடித்த கலவரத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. எல்லை ஊரான மோரேயில் பர்மாவிலிருந்து வந்து தங்கிவிட்ட நம் தமிழர்கள் கட்டிய கோயில் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனாலும் நிலைமையை விசாரிக்காமல் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து 36 என்கிறான் என் மகன். சரியா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரிதான், 28-உம் 8-உம். ஆனால் இந்த எண்ணிக்கை நிலையாக நிற்பதில்லை. 2014-ல் தெலங்கானா பிறந்தது. 2019-ல் ஜம்மு காஷ்மீர் மாநில அந்தஸ்தை இழந்தது. மாநிலப் பட்டியலில் இல்லை என்பதற்காக ஸ்ரீநகரையும் லடாக்கையும் விட்டுவிடுவது பெரிய அநியாயம். மகன் சொல்வதையே கேளுங்கள். லட்சத்தீவுக்கு மட்டும் முன்கூட்டியே நுழைவு அனுமதி வாங்க வேண்டும், கப்பல் கொச்சியிலிருந்து.