விலாங்குக்கு ஒரு வக்காலத்து

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக மூன்று வாரமாக இத்தாலியில், போலோன்யாவில் இருக்கிறேன். அக்டோபர் முடிவதற்குள் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம். வெனிஸ் பார்த்தாயிற்று, கூட்டம் தாங்கவில்லை. உடன் வேலை செய்பவர்கள் கொமாக்கியோவுக்குப் போ, அது 'குட்டி வெனிஸ்' என்கிறார்கள். நீங்கள் அங்கே போனதாக எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இரண்டு மணி நேரம் போதுமா? படம் எடுக்க எந்தப் பாலம் நல்லது? நான் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? இன்னொன்று, உங்கள் கட்டுரைகளில் சமீபமாகச் சமையல் வாடை தூக்கலாக இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வருகிற கடிதங்களில் பாதிக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுத வைத்தது விலாங்கு மீன். போன வாரம் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர், கட்சி மாறிய ஒருவரைப் 'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு' என்று சாடினார். ஏகக் கைதட்டல். எனக்கு மட்டும் கொமாக்கியோ ஞாபகம் வந்து மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஒரு ஊரில் கால்வாய் ஓடினால் உடனே அது வெனிஸா? ஆலப்புழையையும் இப்படித்தான் கிழக்கின் வெனிஸ் ஆக்கி வைத்திருக்கிறோம். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போது 'அப்படியே எதிர்வீட்டுப் பையன் ஜாடை' என்று சொன்னால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? அதுவும் கொமாக்கியோவைப் போய் அப்படிச் சொல்வது கொடுமை. 8-ம் நூற்றாண்டிலேயே, அப்போது வட இத்தாலியை ஆண்ட லொம்பார்டு அரசர்களோடு ஒப்பந்தம் போட்டு, போ ஆற்றின் வழியே உள்நாட்டுக்கு உப்புப் படகு ஓட்டிய ஊர் அது. வெனிஸ் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. 9, 10-ம் நூற்றாண்டுகளில் வெனிஸ்காரர்கள் படையெடுத்து வந்து கொமாக்கியோவை அடித்து நொறுக்கினார்கள், கொளுத்தினார்கள். வீட்டைக் கொளுத்தியவன் பெயரையே செல்லப் பெயராகக் கூப்பிடலாமா? ஊர்க்காரர்களே சுற்றுலாவுக்காக அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். வயிற்றுப்பாடு.

பாலம் கேட்டீர்கள். ட்ரெப்பொன்ட்டி. 1634-ல் லூக்கா தனேசே என்பவரின் வடிவமைப்பில் கட்டியது, ஐந்து படிக்கட்டுகள், இரண்டு கோபுரங்கள். எங்கே நின்று எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும். விடுங்கள்.

ஊரின் உயிர் தெற்கே விரிந்து கிடக்கும் காயலில் இருக்கிறது. அதை 'வல்லி' என்கிறார்கள். அகராதியில் பார்த்தால் பள்ளத்தாக்குகள் என்று பொருள். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான தண்ணீர், பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லை, இதில் எங்கே பள்ளத்தாக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வசந்த காலத்தில் கடலிலிருந்து விலாங்குக் குஞ்சுகள் மதகு வழியாக இதற்குள் வரும். வந்து பல வருஷம் சேற்றில் தின்று வளரும். அப்புறம் ஒரு இலையுதிர் காலத்தில் உடம்பு மாறும். வயிறு வெள்ளியாகும், கண் பெரிதாகும். சாப்பிடுவதை நிறுத்திவிடும், குடலே சுருங்கிப் போகும். நிலவில்லாத, காற்றும் மழையுமான ராத்திரியாகப் பார்த்துக் கடலுக்குக் கிளம்பும். அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் சர்காசோ கடல் வரை போகவேண்டும். அங்கே அது முட்டையிடுவதை இன்றுவரை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. 1792-ல் ஸ்பலன்ஸானி என்ற விஞ்ஞானி கொமாக்கியோவுக்கே வந்து மீனவர்களை விசாரித்தார். தலைமுறை தலைமுறையாக விலாங்கு அறுக்கிற ஊர், சினை விலாங்கைப் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். சாப்பிடுவதையே விட்டுவிட்ட மீனை எந்த இரை போட்டுப் பிடிப்பீர்கள்? தூண்டிலில் என்ன மாட்டினாலும் திரும்பிப் பார்க்காது. கொமாக்கியோக்காரர்கள் கண்டுபிடித்த பறிக்குப் பெயர் லவொரியேரோ. காயலும் கடலும் சேருகிற கால்வாயில் அம்பு முனை போல ஒன்றன்பின் ஒன்றாக அடைப்புகள். அந்தக் காலத்தில் நாணல் தட்டி, இப்போது சிமெண்டும் இரும்பும். எனக்குக் காட்டிய படகுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் கூம்பாகக் குவித்து, என் சுண்டுவிரலை அதன் நடுவே நுழைக்கச் சொன்னார். நுழைந்தது. இழுக்கும்போது கையை இறுக்கிவிட்டார். முன் அடைப்புகளில் மடவையும் மற்ற மீன்களும் நின்றுவிடும். கடைசி இடுக்கு வரை நெளிந்து போவது விலாங்கு ஒன்றுதான். அங்கே அதை இழுப்பது கடலிலிருந்து உள்ளே கசியும் உப்புத் தண்ணீர். வேறு எதையும் அங்கே வைப்பதில்லை. ஊருக்குப் போகவேண்டும் என்ற அதன் தவிப்பை வைத்தே அதைப் பிடிக்கிறார்கள்.

இந்த மீனையா இரண்டு பக்கமும் தலையாட்டும் ஆசாமிக்கு உவமை சொல்வது? பெருந்தூரம் போக ஒரே திசையில் கிளம்பிய ஜீவன் அது. பழமொழி சொன்ன நம் முன்னோர் அதன் தோலைப் பார்த்தார்கள், வழுக்கியது, கோபித்துக்கொண்டார்கள். வேறென்ன? பேச்சாளருக்கு வேறு மீன் தேடிக்கொடுக்கலாம்.

சரி, நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் வந்துவிட்டது. 142 வளைவுகள் கொண்ட நீண்ட தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிப் பழைய மீன் பதனிடும் சாலை, இப்போது அருங்காட்சியகம். உள்ளே பன்னிரண்டு அடுப்புகள் சுவரோரம் வரிசையாக. நான் போனதும் அக்டோபர் கடைசி. ஓர் அம்மாள் விலாங்குத் துண்டுகளை நீளக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். கம்பி அடுப்பின் முன்னால் சுழலச் சுழலக் கொழுப்பு சொட்டும். வெந்தபின் வினிகர், உப்பு, தண்ணீர், ஒரு லாரல் இலை. நம் பிரியாணி இலைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அவ்வளவுதான் பக்குவம். அந்தப் புகை என் ஸ்வெட்டரில் ஏறி, ஊர் திரும்பி இரண்டு முறை துவைத்தும் போகாமல், என் மனைவி அதை மொட்டைமாடிக் கொடியிலேயே விட்டுவிட்டாள்.

சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய விலாங்கு இன்று அழியும் விளிம்பில் இருக்கிறது. அந்தக் காயலில் பெரும்பகுதியைத் தண்ணீர் வடித்து வயலாக்கிவிட்டார்கள். காயல் முழுசாக இருந்த நாட்களிலும் மீன் ஊர்க்காரனுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ராத்திரியில் ஈட்டியோடு போய்த் திருடிய ஏழைகளை ஃபியொசினினி என்பார்கள், காவலர்கள் துரத்துவார்கள். படகுக்காரரின் தாத்தா அதில் ஒருவராம். பெருமையாகத்தான் சொன்னார்.

சாப்பாடு: பூசணிக்காய் அடைத்த பாஸ்தா, கப்பெல்லாச்சி என்று கேளுங்கள், ஃபெராரா பக்கத்துப் பண்டம். முட்டையும் சீஸும் இருக்கும். அது சைவமா என்று என்னிடம் கேட்டு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்.

ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ஃபெராராவிலிருந்து பஸ். திரும்பும் நேரத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள். நான் பார்க்கவில்லை, கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டு ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தேன். ராத்திரி காற்று எழுந்து மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்த வந்த வீட்டுக்கார அம்மாள் ஒரு கதவை மட்டும் பிடித்தபடி இருட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார். "அங்குய்ல்லே." விலாங்குகள்.