மழைக்காலத்தில் மரவட்டை, உருண்டைப் பூச்சி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி: தரைத்தள வீடு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தினமும் காலையில் வாசலிலும் பாத்ரூமிலும் இருபது முப்பது மரவட்டை. எங்கிருந்துதான் வருகின்றன?

வீட்டைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்துதான் அம்மா. சருகுக்கும் கல்லுக்கும் அடியில் இருப்பவை, மண்ணில் தண்ணீர் நின்றதும் மேலே ஏறிவிடும். சுவர் தட்டுப்பட்டால் அதை ஒட்டியே ஊர்ந்து, கிடைத்த இடுக்கில் நுழையும். உள்ளே அவற்றுக்குச் சாப்பாடு கிடையாது. உடம்பின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மெழுகுப் பூச்சும் இல்லாததால், காய்ந்த டைல்ஸில் ஓரிரு நாளில் சுருண்டு செத்துப்போகும். பெருக்கும்போது வெறும் ஓடாக நொறுங்குகிறதே, அவை அப்படிக் காய்ந்தவைதான்.

இன்று இரவே ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒருவரை நிறுத்தி வாசல் கதவின் அடியில் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே எங்கே வெளிச்சக் கோடு தெரிகிறதோ அதுதான் வழி. கதவின் அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். தரையைத் தொடுகிற மாதிரி ஒட்டுங்கள். பாத்ரூம் ஜாலிக்கு மேல் நெருக்கமான கம்பி வலை போடுங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த ஓட்டையைத்தான்.

பிறகு வெளிப்புறம். எங்கள் வீட்டில் பூந்தொட்டிகளைச் சுவரோடு ஒட்டி வரிசையாக வைத்திருந்தோம். ஒரு தொட்டியை நகர்த்தியபோது அடியில் ஈர வட்டம், அதற்குள் கை நிறைய மரவட்டை. எல்லாவற்றையும் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிச் செங்கல் மேல் வைத்தோம். தேங்காய் மட்டை, சருகு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். அந்த மழைக்காலத்திலேயே வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டது.

கோவையிலிருந்து: சாம்பல் நிறத்தில் சின்னப் பூச்சி, தொட்டால் மாத்திரை மாதிரி உருண்டுகொள்கிறது. மரவட்டைக் குட்டியா?

இல்லை, இதுதான் உருண்டைப் பூச்சி. இறால், நண்டுக்குச் சொந்தக்காரர் இது. தரைக்கு வந்துவிட்ட இனம். நிமிர்த்திப் பார்த்தால் ஏழு ஜோடிக் கால்கள் தெரியும். மரவட்டைக்கோ பெரும்பாலான வளையங்களில் வளையத்துக்கு இரண்டு ஜோடி. இந்தப் பூச்சி மூச்சு விடும் உறுப்புகள் வயிற்றின் பின்பக்க அடியில் இருக்கின்றன. அவை ஈரமாகவே இருக்க வேண்டும். அதனால் அறைக்குள் தொடர்ந்து தென்பட்டால் பக்கத்தில் எங்கோ கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க் அடியையும் ஓதம் ஏறிய சுவர் மூலையையும் தடவிப் பாருங்கள்.

மதுரையிலிருந்து: இந்தப் பூச்சிகள் கதவு நிலையை அரித்துவிடுமா?

நல்ல மரத்தை ஒன்றும் செய்யாது, ஏற்கெனவே உளுத்ததைத்தான் தின்னும். நிலையின் அடி விரலால் அழுத்தினாலே உதிர்ந்தால், அங்கே தண்ணீர் ஊறுகிறது என்று அர்த்தம். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான். அதற்கு வைத்தியம் வேறு.

இரண்டு வயதுக் குழந்தையின் தாய், திருச்சி: ரயில் பூச்சி என்று கையில் எடுத்து விளையாடுகிறான். கடிக்குமா?

மரவட்டை கடிக்காது. ஆனால் நசுங்கினால் மஞ்சள் திரவம் விடும். தோல் பழுப்பாகி எரியும், கறை சில நாள் போகாது. உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்கிவிட்டால் நல்ல தண்ணீரால் நன்றாக அலசிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தட்டையாக, வேகமாக ஓடினால் அது பூரான். அது கடிக்கும், குழந்தையைக் கிட்டே விடாதீர்கள்.

கடலூரிலிருந்து: உப்பு தூவலாமா? மருந்து அடிக்கலாமா?

உப்பு வேண்டாம். சுவரில் இறங்கினால் ஓதத்தைக் கூட்டும், செடியையும் கெடுக்கும். மருந்து அன்றைக்கு வந்தவற்றைக் கொல்லும். மண் ஈரமாக இருக்கும்வரை மறுநாள் வேறு வரும். குழந்தை தவழும் தரையில் அடிப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். முறத்தில் கூட்டி அள்ளி, மதிலோரம் சருகு மக்கும் குழியில் கொட்டுங்கள். அந்தச் சருகைத் தின்று எருவாக்குவது அவைதான். குழி மட்டும் வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கட்டும்.