நண்பருக்கு எம்.எஸ்.: நிதி திரட்டுகிறவர்களுக்குச் சில பதில்கள்

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்., நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்குகிற நோய்) வந்த நண்பருக்காகப் பணம் திரட்டுகிறவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. நோயாளியே எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. பலருக்கு நண்பரின் மருந்துப் பெயர்கூடத் தெரியவில்லை. பணம் கேட்கும் முன்னால் நண்பரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள் என்று முன்பும் எழுதியிருக்கிறேன். இப்போதும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

என் தோழிக்கு எம்.எஸ். என்று உறுதியாகிவிட்டது. சிகிச்சைக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரே மூச்சில் திரட்டிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்.

எந்த வகை எம்.எஸ். என்று எழுதவில்லை. எந்த மருந்து என்றும் எழுதவில்லை. இந்த இரண்டும் தெரியாமல் யாராலும் கணக்குப் போட முடியாது. உங்கள் தோழிக்கு இரண்டும் தெரியும், அவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, இந்த நோயில் ‘மொத்தம்’ என்று ஒரு தொகை கிடையாது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கி ஆயுள் முழுக்கக் கூடவே வருகிற நோய். ஆகவே ஆண்டுக் கணக்காகப் போடுங்கள். மருந்துக்கு மருந்து செலவு விழுகிற விதமும் மாறும். ஆக்ரெலிசுமாப் என்றால் முதல் டோஸை இரண்டாகப் பிரித்து இரண்டு வார இடைவெளியில் ஏற்றுவார்கள், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. நட்டாலிசுமாப் பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. கிளாட்ரிபின் மாத்திரை முதல் இரண்டு ஆண்டுகளில் சில நாட்கள் மட்டும். அடுத்த இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் மருந்தே இருக்காது. அதாவது செலவு முழுக்க முன்னாலேயே வந்து விழுந்துவிடும்.

மருந்து விலையை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை, மருந்து ஏற்றும் நாளுக்கான ஆஸ்பத்திரிக் கட்டணம், போக்குவரத்து, பிசியோதெரபி, வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் ஆண்டுச் செலவு. இலக்கை அறிவிக்கும் முன் நரம்பியல் மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இதே பலனுள்ள, விலை குறைந்த வழி உண்டா? கிளாட்டிராமர், ஃபிங்கோலிமோட், டெரிஃப்ளுனோமைட், டைமெத்தில் ஃப்யூமரேட் ஆகியவற்றுக்குப் பல நாடுகளில் ஜெனரிக் (அதே மருந்தின் மலிவான பதிப்பு) வந்தாயிற்று. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கென்று முதன்முதலாக 2023-ல்தான் மருந்துகளைச் சேர்த்தது. கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப் என்று மூன்று. உங்கள் தோழிக்குப் பொருந்துமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சில சமயம் அந்த ஒரு கேள்வியிலேயே இலக்கு பாதியாகிவிடுகிறது. மருந்துக் கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் விசாரித்துவிடுங்கள்.

அவனுக்குத் தெரியாமல் திரட்டி, பிறந்தநாளன்று இன்ப அதிர்ச்சியாகக் கொடுக்கலாமா?

கூடாது. வேலை செய்யும் இடத்தில் அவர் நோயைச் சொல்லியிருக்கிறாரா இல்லையா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை வெளியே போன செய்தியைத் திரும்ப எடுக்க முடியாது. எதைச் சொல்லலாம், எந்தப் படத்தைப் போடலாம் என்று அவர் கைப்பட எழுதித் தந்த பிறகு தொடங்குங்கள்.

யார் கணக்கில் பணத்தை வாங்குவது?

உங்கள் சொந்தச் சம்பளக் கணக்கில் வாங்கவே கூடாது. இதற்கென்று தனிக் கணக்கு, இருவர் கையெழுத்து, முடிந்தவரை ஆஸ்பத்திரிக்கோ மருந்தகத்துக்கோ நேரடியாகப் பணம். சில நாடுகளில் நோயாளியின் கணக்கில் பெரிய தொகை விழுந்தால் அவருக்கு வந்துகொண்டிருக்கும் அரசு உதவி நின்றுபோகும். வரி, உதவித்தொகை இரண்டையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் கணக்கைத் திறங்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சையால் எம்.எஸ். முழுக்கக் குணமாகும் என்று வெளிநாட்டு கிளினிக் ஒன்று சொல்கிறது. பாதித் தொகை சேர்ந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் சலுகை என்கிறார்கள். மீதியை வேகமாகத் திரட்ட வழி சொல்லுங்கள்.

வேகமாகத் திரட்ட வழி சொல்ல மாட்டேன். முதலில் நிறுத்துங்கள்.

இது எனக்கு ஆறாத மனக்குறை. 2009-ல் இத்தாலிய மருத்துவர் பாவ்லோ ஸாம்போனி, கழுத்து ரத்தக் குழாய்களில் ரத்தம் வடிவது தடைபடுவதால்தான் எம்.எஸ். வருகிறது என்றார். பலூன் வைத்து ரத்தக் குழாயை விரித்தால் போதும் என்று செய்தி பரவியது. உலகெங்கும் நண்பர்களும் உறவினர்களும் விருந்து நடத்தி, நடைப்பயணம் நடத்தி, வீட்டை அடகு வைத்துப் பணம் திரட்டி நோயாளிகளை விமானம் ஏற்றினார்கள். மரணமும் கடுமையான பாதிப்புகளும் நடந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் எச்சரித்தது. 2017-ல் கனடாவில் சுமார் 100 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். நிஜ சிகிச்சைக்கும், ஒப்பிடுவதற்காகச் செய்த போலிச் சிகிச்சைக்கும் பலனில் வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு ஸாம்போனியே நடத்திய ஆய்வும் பலனில்லை என்றுதான் சொன்னது. எட்டு ஆண்டுகள். அதற்குள் எத்தனை குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது! கொடுத்தவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அதே பணம் நிரூபிக்கப்பட்ட மருந்துக்குப் போயிருந்தால் எத்தனை பேர் இன்னும் சில ஆண்டுகள் தடி இல்லாமல் நடந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனது கொதிக்கிறது.

இப்போது அந்த இடத்தில் ஸ்டெம் செல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதில் குழப்பம் அதிகம், பொறுமையாகப் படியுங்கள். ஸ்டெம் செல் என்ற பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று ஏ.ஹெச்.எஸ்.சி.டி. எனப்படுவது: நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து வைத்துக்கொண்டு, கீமோதெரபியால் நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஒடுக்கி, பிறகு செல்களைத் திரும்ப ஏற்றுவது. இதற்கு ஆதாரம் உண்டு. 110 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2019-ல் வெளிவந்தது. அப்போது வழக்கத்தில் இருந்த மருந்துகளைவிட இது நன்றாக வேலை செய்தது. ஆனால் யாருக்கு? மருந்து எடுத்தும் ரிலாப்ஸ் (நோய் திடீரென்று மறுபடி தாக்குவது) ஓயாதவர்களுக்கு, எம்.ஆர்.ஐ.யில் புதுப் புண்கள் தெரிகிறவர்களுக்கு, பெரும்பாலும் வயது குறைந்தவர்களுக்கு. தொற்று ஆபத்து உண்டு, குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம், உயிராபத்தும் சிறிய அளவில் உண்டு. ஏற்கெனவே அழிந்த நரம்பை இது திரும்பக் கொண்டுவராது.

இரண்டாவது, கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த செல்களை ஊசியாகப் போட்டு, கீமோதெரபி எதுவும் இல்லாமல் ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புவது. விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் இதுதான். இதனால் எம்.எஸ். குணமாகும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

இப்படிப்பட்ட ஒரு கிளினிக் கொடுத்த தாளை ஒரு குடும்பம் என்னிடம் காட்டியது. ஒரே பக்கம். மேலே கடற்கரைப் படம், நடுவில் தடித்த எழுத்தில் தொகை, அதன் கீழே விமான நிலையத்தில் வரவேற்பு இலவசம் என்ற வரி. எந்த வகை செல், எவ்வளவு, எந்த வழியாக ஏற்றுவார்கள், யார் ஏற்றுவார்கள், பிறகு காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு சொல் கிடையாது. உங்கள் கையிலும் ஒரு தாள் இருக்கும். இந்த ஐந்தும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அதை நண்பரின் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கிளினிக்கோடு சம்பந்தமில்லாத இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். மாதக் கடைசிச் சலுகை போனால் போகட்டும். அவசரப்படுத்துகிறவரிடம் சிகிச்சை வாங்க வேண்டாம்.

சேர்ந்த பாதிப் பணத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கொடுத்த ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள்: மருத்துவர் ஆலோசனைப்படி திட்டத்தை மாற்றுகிறோம், பணம் இன்ன மருந்துக்குப் போகும், திரும்ப வேண்டுமென்றால் இத்தனை நாளுக்குள் சொல்லுங்கள் என்று. கேட்டவருக்கு மறு பேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் பத்து நாள் நன்றாக வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை நடந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ நிதி திரட்டல்களை ஆராய்ந்து பார்த்ததில், இலக்கைத் தொட்டவை ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான். தெரிந்தவர்கள் கொடுத்து முடித்ததும் ஓட்டம் நின்றுவிடும். ஊரெல்லாம் பகிர்ந்துகொண்டே இருப்பதைவிட, நண்பரை நேரில் அறிந்த முப்பது பேரிடம் மாதாமாதம் ஒரு சிறு தொகை கேளுங்கள். மாதம் தவறாமல் வருகிற மருந்துச் செலவுக்கு மாதம் தவறாத பணம்தான் ஈடு கொடுக்கும்.

செய்தியும் போட வேண்டும். ‘உங்கள் அன்புக்கு நன்றி, பிரார்த்தியுங்கள்’ என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ‘செவ்வாயன்று இரண்டாவது டோஸ் ஏறியது. காலை எட்டுக்குப் போனவர் மாலை நாலுக்கு வீடு திரும்பினார். லேசான அரிப்பு, வேறு தொந்தரவு இல்லை. பில் கட்டியாயிற்று. அடுத்த டோஸ் ஆறு மாதம் கழித்து, அதற்கு இன்னும் பாதி சேர வேண்டும்.’ இப்படி எழுதுங்கள். நண்பர் சம்மதித்த அளவுக்கு மட்டும்.

‘அவர் நன்றாகத்தானே நடக்கிறார், எதற்குப் பணம்?’ என்று ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எம்.ஆர்.ஐ. படத்தை வெளியிட்டு வாயை அடைக்கலாமா?

வேண்டாம். படத்தைப் பார்த்து அவருக்கு எதுவும் புரியப்போவதில்லை, உங்கள் நண்பரின் அந்தரங்கம் போனதுதான் மிச்சம். எம்.எஸ்.ஸில் மிகவும் படுத்துகிற பல தொல்லைகள் வெளியே தெரியாதவை. அடித்துப் போட்டது போன்ற களைப்பு, மரத்துப்போன விரல்கள், சிறுநீரை அடக்க முடியாமை, ஞாபகம் தடுமாறுவது. இந்த மருந்துகளை அவர் நடந்துகொண்டிருக்கும்போதே கொடுப்பதுதான் முறை. நடை போன பிறகு கொடுத்தால் பலன் குறைவு. இதை இரண்டே வரியில் எழுதுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

வெயில் காலத்தில் ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்கிறோம். எங்கள் தோழியை முன்வரிசையில் நடக்கவைத்தால் நன்றாக இருக்கும் அல்லவா?

அவரைக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. எம்.எஸ். உள்ள பலருக்கு உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே பார்வை மங்கும், கால் துவளும். உட்ஹாஃப் என்ற மருத்துவர் 1890-லேயே இதைக் குறித்து வைத்தார். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும், புது ரிலாப்ஸ் ஆகாது. ஆனாலும் ஒரு கூட்டத்தின் முன்னால் திடீரென்று எதிரில் இருக்கும் முகம் தெரியாமல் போவது அவருக்கு எவ்வளவு பயமாக இருக்கும்! சூரியன் இறங்கிய பிறகு வையுங்கள். நிழலில் நாற்காலி, குளிர்ந்த தண்ணீர், பக்கத்தில் கழிப்பறை. பத்து நிமிடம் வந்து போனால் போதும். வர மனமில்லை என்றால் அதுவும் சரி.

ரிலாப்ஸ் வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவசர வேண்டுகோள் போடட்டுமா?

பொறுங்கள். பொதுவாக மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றுவார்கள், அது விலை உயர்ந்த மருந்தே இல்லை. ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு ரிலாப்ஸுக்கும் அவசரம் என்று கத்தினால், நிஜமான அவசரம் வரும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நிதி தீர்ந்துவிட்டது. அடுத்த தொகை சேரும்வரை ஃபிங்கோலிமோட் மாத்திரையை இரண்டு மாதம் நிறுத்தி வைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்ய நீங்கள் யார்? இன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஃபிங்கோலிமோடையோ நட்டாலிசுமாபையோ திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் ஃபிங்கோலிமோடை மறுபடி தொடங்கும்போது முதல் டோஸ் போலவே ஆறு மணி நேரம் இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டியிருக்கும். அதுவும் செலவுதான். குறைந்தது மூன்று மாத மருந்துக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவுக்குக் கை நீட்ட வேண்டும். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

எனக்குப் பெரிய ஆட்களைத் தெரியாது. தனி ஆளாக என்ன செய்துவிட முடியும்?

1945 மே 1 அன்று ஸில்வியா லாரி என்ற பெண் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு குட்டி விளம்பரம் கொடுத்தார். அவருடைய சகோதரருக்கு எம்.எஸ். இருந்தது. அதிலிருந்து குணமானவர் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. எழுதியவர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே வழி தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டே ஒரு சங்கம் அமைத்தார். இன்றைய அமெரிக்கத் தேசிய எம்.எஸ். சங்கம் அதுதான். 1967-ல் உருவான சர்வதேசக் கூட்டமைப்புக்குப் பின்னாலும் அவர் இருந்தார். உங்கள் நாட்டிலும் எம்.எஸ். சங்கம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எந்த மருந்து எங்கே மலிவு, எந்த உதவித் திட்டம் உண்மையில் பணம் தருகிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும் நோயாளிகளுக்கு அத்துப்படி.

ரசீதுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

நிதி நடக்கும்வரை எல்லாவற்றையும் வைத்திருங்கள். முடிந்த பிறகு உங்கள் நாட்டு வரிச் சட்டம் சொல்லும் காலம் வரை. மருந்தகத்தில் தரும் வழவழப்பான சீட்டில் சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். தேதி, தொகை, யாருக்கு, எதற்கு என்று நாலு கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் இருக்கட்டும். அதை உங்கள் நண்பரும் எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்க முடிய வேண்டும்.