கேள்வி – பதில்: வரிவரியான மண் சாலையில் கேம்பர் வேன்

கேள்வி: மண் சாலையில் குறுக்கே வரிவரியாக எழும்பியிருக்கும் மேடுகளில் படுக்கை, அடுப்போடு தங்கிப் பயணிக்கும் எங்கள் கேம்பர் வேன் கழன்று விழுவதுபோல் உதறுகிறது. 80 கி.மீ. வேகத்தில் போனால் அதிர்வே தெரியாது என்கிறார்களே, சரியா?

பதில்: அதிர்வு குறையும் என்பது உண்மை. ஆனாலும் கேம்பர் வேனுக்கு அந்த யோசனை வேண்டவே வேண்டாம். இரண்டு மேடுகளுக்கு இடையே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 11 மேடுகளில் ஏறி இறங்குகிறது, 40 கி.மீ. வேகத்தில் 15. சக்கரமும் அச்சும் தானாகத் துள்ளுவதும் ஏறக்குறைய நொடிக்கு 10 முதல் 15 தடவைதான். இரண்டும் ஒத்துப்போகும்போதுதான் வண்டி உதறி எடுக்கிறது. 80-ல் சக்கரத்துக்குப் பள்ளத்தில் இறங்க நேரமில்லை. மேடுகளின் நுனியை மட்டும் தொட்டு ஓடுகிறது. உள்ளே சொகுசு, டயருக்கோ பிடிமானம் இல்லை. பிரேக் போட்டால் வழுக்கும்; வளைவில் பின்பக்கம் ஒதுங்கும். உயரமும் கனமும் உள்ள வண்டி அப்படி ஒதுங்கினால் கவிழ்ந்துவிடும். 15 முதல் 20 கி.மீ. போதும். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கேள்வி: டயரில் காற்றை எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, 20 முதல் 25 சதவீதம் இறக்குங்கள். தார் சாலைக்கு 60 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்றால் 45 முதல் 48. முழுச் சுமையோடு அச்சு எடையைப் போட்டுப் பார்த்து, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். அரை மணி நேரம் ஓடியதும் மறுபடி அளந்து பாருங்கள். 6 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது: காற்று போதவில்லை, அல்லது வேகமோ சுமையோ அதிகம். கம்ப்ரஸர் கையில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். தார் சாலை ஏறுமுன் திரும்ப நிரப்பியே ஆக வேண்டும்.

கேள்வி: முதலில் நன்றாக இருந்த வண்டி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு படகுபோல் ஆடுகிறது. ஏன்?

பதில்: ஷாக் அப்சார்பர் சூடேறிவிட்டது. ஓயாமல் ஏறி இறங்குவதில் உள்ளே இருக்கும் எண்ணெய் இளகி நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய்க்குத் துள்ளலை அடக்கும் வலு கிடையாது. 20 நிமிடம் நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறிய பிறகும் ஆட்டம் குறையாவிட்டாலும், ஷாக் அப்சார்பரின் வெளிப்புறத்தில் எண்ணெய் வழிந்து புழுதி சேறாக அப்பியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: சாலையைச் சமன்படுத்திய கொஞ்ச நாளிலேயே வரிகள் திரும்ப வருவது ஏன்?

பதில்: தளர்ந்த மண்ணில் ஓரளவு வேகத்துக்கு மேல் எந்தச் சக்கரம் உருண்டாலும் வரி விழும். ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் மணலில் இதையே செய்வதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: உள்ளே எதெல்லாம் கழலும்?

பதில்: மரத்தில் முறுக்கிய திருகுகள்தான் முதலில். அதிர்வில் ஓட்டை பெரிதாகி, திருகு அப்படியே வெளியே வந்துவிடும். அலமாரி, படுக்கைச் சட்டம் போன்ற கனமானவற்றை ஊடுருவிச் செல்லும் போல்ட், அகல வாஷர், நைலான் வளையமுள்ள நட்டு போட்டுப் பிடியுங்கள். முறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரியும், ஸ்பேனரே தேவையில்லை.

பேட்டரியை இறுக்கும் பட்டை, சோலார் பலகையின் கால்கள், தண்ணீர்த் தொட்டியின் பட்டைகள் ஆகியவற்றை ஒவ்வொரு மாலையும் பாருங்கள். வயர்கள் தகட்டு விளிம்பில் உரசும் இடங்களில் ரப்பர் வளையம் வேண்டும். உரசித் தோல் போன வயர் தீப்பிடிக்கும். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்துச் சரிபாருங்கள். கூரை மேல் ஏற்றிய கனத்தைக் கீழே இறக்குங்கள்.

எரிவாயு சிலிண்டரின் வால்வை ஓடும்போது மூடியே வையுங்கள். நின்றதும், அருகே தீ எதுவும் இல்லாதபோது திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வை மூடி, இணைப்பைச் சரிசெய்யும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். உள்ளே வாயு வாடை அடித்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல், கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.