வெள்ளிக்கிழமை வருகிறது என்றாலே எனக்கு அழுகை வருகிறது

மேடம், வணக்கம்.

நாங்கள் மஸ்கட்டில் அல் குவைர் பகுதியில் இருக்கிறோம். என் கணவர் சாலை போடும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். மகள் யூகேஜி படிக்கும்போது இங்கே வந்தோம், இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. மகன் மூன்றாம் வகுப்பு. வருவதற்கு முன் நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஃபேமிலி விசாவில் இருப்பதால் வேலைக்குப் போக முடியாது.

என் பிரச்சினையைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் கணவர் எங்களை வாராவாரம் வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்.

இங்கே வெள்ளியும் சனியும் லீவு. அக்டோபரில் வெயில் தணிந்தால் போதும், ஏப்ரல் வரை எங்கள் வீடு பூட்டித்தான் கிடக்கும். வாடி ஷாப் (வாடி என்றால் மலைப் பள்ளத்தாக்கு ஓடை), பிம்மா பள்ளம், வஹீபா மணல்மேடு, நிஸ்வாவில் வெள்ளிக்கிழமை காலை கூடும் ஆட்டுச் சந்தை, ராஸ் அல் ஜின்ஸில் ஆமை முட்டையிடுவதைப் பார்க்க ராத்திரிப் பயணம்... நாலு குடும்பம், நாலு ஃபோர்வீல் வண்டி. வியாழன் மதியமே வாட்ஸ்அப் குழுவில் லொகேஷன் வந்துவிடும். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். அன்று ராத்திரி புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, ஐஸ் பாக்ஸ், பாய், டென்ட், பையனுக்கு மாற்றுத் துணி, வாந்தி மாத்திரை என்று எடுத்து வைத்து முடிக்கப் பன்னிரண்டு ஆகும். படுத்தாலும் தூக்கம் வராது. போன இடத்தில் ஆண்கள் அடுப்பு மூட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினால் என் கண் அங்கேயே இருக்கும். எங்கோ மலை மேல் மழை பெய்தால் இங்கே வெயில் காயும்போதே வெள்ளம் வரும் என்பார்களே, அந்த நினைப்புதான். சனி இரவு திரும்பினால் மண்ணோடு ஒரு மூட்டைத் துணி. ஞாயிறு விடிகாலை எழுந்து டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், பள்ளி தொடங்கிவிடும்.

போன மாதம் ஜெபல் அக்தர் போனோம். பிர்கத் அல் மவுஸ் செக்போஸ்ட்டில் வண்டியைப் பார்த்து அனுப்பியதும் மலையேற ஆரம்பித்தோம். காரணமே இல்லாமல் கண்ணீர் வழிந்தது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தலை சுத்துதா?" என்றார். ஆமாம் என்றேன்.

மகள் இப்போது வர மாட்டேன் என்கிறாள். வாடியில் நனைந்த உடையோடு நின்றவளை அவர் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். அதிலிருந்து அப்பாவுக்கும் பெண்ணுக்கும் வாராவாரம் சண்டை. "உன் வயசுல காணும் பொங்கலுக்குக் கல்லணை கூட்டிட்டுப் போனாலே எங்களுக்குப் பெரிசு" என்கிறார் அவர்.

ஊரில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு ஞாயிறுதான் லீவு, எனக்கு அன்றைக்குத்தான் ஓட்டம். எப்போதாவது பேசக் கிடைத்தாலும் "உனக்கென்னடி, மகராணி மாதிரி ஊர் சுத்துற" என்பாள். மாமியாரோ, "எம்புள்ள சம்பாத்தியத்தை எல்லாம் பெட்ரோலா ஊத்துறீங்களா?" என்று கேட்கிறார். கணவர் நல்லவர். காலை ஐந்தரைக்குப் போய் இரவு ஏழரைக்கு வருகிறார். "வாரம் பூரா உங்களோட இருக்க முடியல, இந்த ரெண்டு நாளாவது சந்தோஷமா இருங்க" என்பவரிடம் என்னவென்று சொல்வது? நான் நன்றி கெட்டவளா? இல்லை, இது மனநோயா?

- பெயர் வேண்டாம், மஸ்கட்

அன்புள்ள சகோதரிக்கு,

நன்றி கெட்டவளா என்ற கேள்வியை முதலில் கீழே வையுங்கள். நள்ளிரவு வரை புளியோதரை கிளறுகிறவர் யாருக்கு என்ன நன்றிக்கடன் பட்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒரே வண்டியில் போகிறீர்கள். ஆனால் விடுமுறை நான்கு பேருக்கும் கிடைக்கவில்லை. சபீன் சொன்னென்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளரும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேலை முடிந்த பிறகு மனிதர்கள் எதனால் தெம்பு பெறுகிறார்கள் என்பதை நான்காகப் பிரித்தார்கள். வேலையின் நினைப்பு மனத்தை விட்டு விலகுவது ஒன்று. உடம்பும் மனமும் தளர்ந்து கிடப்பது இன்னொன்று. புதிதாக ஏதாவது பழகி அது கைவருவது மூன்றாவது. அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்ற முடிவு தன் கையில் இருப்பது நான்காவது. சம்பளத்துக்கு வேலை செய்பவர்களை மனத்தில் வைத்துச் சொன்னது இது. இல்லத்தரசிக்கும் இது பொருந்தும் என்று சொல்வது என் துணிச்சல்.

உங்கள் கணவரை இதில் வைத்துப் பாருங்கள். சைட்டும் தாரும் பின்னால் போய்விட்டன. அடுப்பைச் சுற்றி நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். டயரில் காற்றைக் குறைத்து மணல்மேட்டில் வண்டி ஏற்றப் பழகியிருப்பார், அந்தப் பெருமையும் இருக்கும். எங்கே போவது என்பதும் அவரும் நண்பர்களும் முடிவு செய்வது. நான்கும் கிடைத்துவிட்டது. ஞாயிறு காலை அவர் தெம்பாக வேலைக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை.

உங்களுக்கு? உங்கள் வேலை சமையலும் பிள்ளைகளும். அது ஐஸ் பாக்ஸில் ஏறி உங்களோடேயே வந்துவிடுகிறது. தண்ணீர் ஓரத்தில் காவல் இருப்பவருக்கு உடம்பு எப்படித் தளரும்? அந்த பயத்தை நோய் என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரல் மழையில் ஓமானில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நீங்கள் அங்கேயே இருந்து பார்த்திருப்பீர்கள். பயம் நியாயமானது, அதை நீங்கள் ஒருவரே சுமப்பதுதான் நியாயமில்லை. நாலு குடும்பத்தில் எட்டுப் பெரியவர்கள் இருக்கிறீர்கள். இந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்ப்பது இவர், அடுத்தது அவர் என்று ஆள் பெயரைச் சொல்லிப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'எல்லாரும் பார்த்துப்போம்' என்று விட்டால் அது கடைசியில் அம்மாக்கள் தலையில்தான் விழும்.

சமையலுக்கும் ஒன்று சொல்கிறேன். ஓமானில் எந்த ரோட்டில் போனாலும் மலையாளிகள் நடத்தும் காபி ஷாப் இருக்கும், பரோட்டாவும் ஆம்லெட்டும் கிடைக்கும். வெளியே போகும் நாளில் வீட்டுச் சோறு கட்டித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் கடிதத்தில் அப்படி யாரும் சொன்னதாக இல்லை. கேட்டுப் பாருங்கள், ஒருவேளை உங்கள் கணவருக்கே அது தேவையாக இருக்காது.

இதையெல்லாம் சரிசெய்தாலும் வியாழக்கிழமை வயிற்றுப் பிசைவு முழுதாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் எழுதியது இரண்டு நாளைப் பற்றி. எனக்கு மற்ற ஐந்து நாள்தான் உறுத்துகிறது. கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். வகுப்பு நிறைய மாணவர்கள் முன்னால் நின்றவர், ஞாயிறிலிருந்து வியாழன் வரை இரவு ஏழரை மணிக்குக் கதவு தட்டும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார். வண்டி ஓட்டுவதில்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் ஸ்டியரிங் எப்போதும் அவர் கையில் இருக்கிறது. பேச ஆசைப்படும் அக்காவுக்கு ஓய்வு கிடைக்கும் நாள் வேறு, உங்களுக்கு வேறு. வாரம் முழுக்க எதையும் தீர்மானிக்காதவருக்கு, மிச்சமிருக்கும் இரண்டு நாளையும் இன்னொருவர் தீர்மானித்துக் கொடுக்கிறார், அதுவும் அன்பாக. அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். ஜெபல் அக்தர் ஏற்றத்தில் வந்த கண்ணீருக்குக் காரணம் இல்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆகையால் முதலில் டிரைவிங் லைசன்ஸ். நம் ஊர் லைசன்ஸ் இருந்தாலும் அங்கே டிரம்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டும் டிரம் டெஸ்ட், மேடு ஏற்றும் டெஸ்ட், ரோடு டெஸ்ட் என்று தாண்ட வேண்டும். முதல் தடவையே கிடைக்காமல் போகலாம், அங்கே பலருக்கும் அப்படித்தான். பரவாயில்லை. இந்தியப் பள்ளிகள் அங்கேயே குடியிருக்கும் பெண்களை ஆசிரியராக எடுப்பதுண்டு. வேலை கொடுப்பவர் முன்வந்தால் விசாவை மாற்ற வழி இருக்கும். விதிகள் அடிக்கடி மாறுவதால் நேரில் விசாரியுங்கள். பி.எட். கேட்டால் அதற்கும் தயாராகலாம். இந்த விசாவில் இருந்துகொண்டு காசு வாங்கி ட்யூஷன் எடுப்பதை மட்டும் விசாரிக்காமல் செய்ய வேண்டாம். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, தேடத் தொடங்கியதுமே உங்கள் திங்கட்கிழமைக்கு ஒரு வேலை வந்துவிடும்.

மனநோயா என்று கேட்டீர்கள். கடிதத்தை வைத்து நான் அப்படிச் சொல்ல முடியாது. வாரம் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறதா? பிடித்த எதுவும் பிடிக்காமல் போனதா? தூக்கமும் பசியும் வெள்ளி நெருங்கும்போது மட்டுமன்றி எப்போதுமே கெட்டிருக்கிறதா? ஆமாம் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே கணவரிடம் சொல்லி, அவரோடு போங்கள். எப்படியானாலும் தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். அத்தனை வெயில் அடிக்கும் ஊரில், ஏசி அறைக்குள்ளேயே இருப்பதால் வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளம். அந்த அசதியை மனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மகளைப் பற்றி. உங்கள் வீட்டில் 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளைத் திருத்தும் வேலையில் தயவுசெய்து இறங்காதீர்கள். அவளைக் கேட்காமல் அவள் படத்தை யாரும், அப்பாவே ஆனாலும், வெளியிடக் கூடாது. அவர் அதைத் தன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். கல்லணைக் கதை அவளிடம் எடுபடாது. உங்கள் கணவருக்கு மஸ்கட் வெளிநாடு, பார்த்துத் தீர்க்க வேண்டிய இடம். அவள் வளர்ந்ததே அங்கேதான், அது அவளுடைய ஊர். சொந்த ஊரில் பதினாலு வயதுப் பெண் வெள்ளிக்கிழமை என்ன செய்வாளோ, தோழி வீட்டுக்குப் போவது, பத்து மணி வரை தூங்குவது, அதைத்தான் அவளும் கேட்கிறாள். சில வாரம் அவள் நம்பிக்கையான ஒரு வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி உங்கள் கணவர். 'இந்த ரெண்டு நாளாவது' என்று அவர் சொல்வதைக் கவனியுங்கள். ஐந்து நாள் வீட்டில் இல்லாத பாக்கியை வட்டியோடு இரண்டு நாளில் கட்டிவிடப் பார்க்கிறார். அதனால் 'வெளியே போக வேண்டாம்' என்று ஆரம்பித்தால் அடி வாங்கியதுபோல் ஆகிவிடுவார். ஊர் சுற்றுவதை நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனமில்லை. மகன் அந்தத் தண்ணீரில் குதித்ததை வாழ்நாளெல்லாம் மறக்க மாட்டான். மாதத்தில் இரண்டு வாரம் குழுவோடு போகலாம். ஒரு வாரம் வீட்டிலேயே, யாரும் வராமல், யார் வீட்டுக்கும் போகாமல் இருக்கலாம். இன்னொரு வாரம் உங்கள் விருப்பம். அன்று நீங்கள் குரும் கடற்கரையில் தனியாக நடக்கப் போவதானாலும் சரி, பழைய மஸ்கட் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மத்ரா சூக் கடைவீதியில் சுற்றுவதானாலும் சரி.

இந்தப் பேச்சைக் காரில் வைத்துக்கொள்ள வேண்டாம். வியாழன் இரவு அடுப்படியில் நின்றுகொண்டும் வேண்டாம். ஞாயிறோ திங்களோ பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்காருங்கள். "அன்னைக்கு எனக்குத் தலை சுத்தல, அழுதேன்" என்பதிலிருந்து தொடங்குங்கள். "இவ்வளவு செஞ்சும் இப்படிச் சொல்றியே" என்று அவர் முகம் சுருங்கலாம். அன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்காதீர்கள். வியாழன் மதியம் லொகேஷன் வருவதற்குள் ஒரு வாரத்துக்காவது முடிவு எட்டினால் போதும்.

மாமியாரின் பெட்ரோல் கணக்குக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த முறை கேட்டால் போனை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்டேட்டஸ் போட்டது அவர்தானே.