வயலில் பூச்சிமருந்தடிப்பவர்கள் கேட்ட சிறுநீரகக் கேள்விகள்

15 வருஷமா மருந்தடிக்கிறேன் டாக்டரம்மா. கிரியாட்டினின் 1.1. நார்மல்னு சொல்லிட்டாங்க. இனி பயமில்லையே?

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, அது ரத்தத்தில் ஏறி நோயை மெதுவாகத்தான் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகத்தின் வேலைத்திறன் ஏறக்குறைய பாதி போன பிறகும் அது நார்மலுக்குள் நிற்கலாம். ஒல்லியான உடம்பில் 1.1 என்பதும் சதைப்பிடிப்பான உடம்பில் 1.1 என்பதும் ஒன்றல்ல. வயதைச் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது 3 மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய்.

வயல் வேலைக்காரர்களிடம் காணும் சிறுநீரக நோய் உள்ளேயிருக்கும் நுண்ணிய வடிகுழாய்களைத்தான் முதலில் அரிக்கிறது. அதனால் யூரினில் புரதம் அதிகம் போகாது. ஒருவர் வந்தார்: வீக்கமில்லை, சர்க்கரையில்லை, பிரஷர் 120/80. "ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான். இ.ஜி.எஃப்.ஆர். பார்த்தால் 38. வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: வேலை முடிந்து இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். உடம்பு வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது.

முகத்தில் துணி கட்டித்தான் அடிக்கிறேன். போதாதா?

போதாது. தெளிக்கிறவர் உடம்புக்குள் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறுகிறது. முதுகில் டேங்க் கசிந்து, கால்சட்டை இடுப்போடு ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்துச் செய்த பழைய ஆய்வில் முன்கையைவிட விதைப்பைத் தோல் ஏறத்தாழ 12 மடங்கு உறிஞ்சியது. நனைந்தால் உடனே கழற்றி, சோப்புப் போட்டுக் குளியுங்கள். நீர்க்காத மருந்தை வெறுங்கையால் கலக்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நிறையத் தண்ணி குடிச்சா விஷம் கழுவிப் போயிடுமா?

போகாது. வெயிலில் வற்றாமல் இருக்கத்தான் தண்ணீர்.

எந்த மருந்து நல்லா கேட்கும்?

வேளாண் அலுவலரைக் கேளுங்கள்.

இந்தச் சிறுநீரக நோய்க்குக் களைக்கொல்லிதான் காரணம்னு இலங்கையில தடையே போட்டாங்க. நீங்க வெயில், வலி மாத்திரைன்னு மழுப்புறீங்க.

மழுப்பவில்லை ஐயா. கிளைபோசேட் என்ற அந்தக் களைக்கொல்லியை 2015-ல் தடைசெய்தார்கள். 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தினார்கள். 2022-ல் தடையையே நீக்கினார்கள். அங்கே வடமத்திய மாகாணத்தில் இந்நோய் கண்ணில் பட்டது 1990-களில். மத்திய அமெரிக்க நாடுகளான எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் மருந்தே தொடாமல் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் வருகிறது. கடலோரச் சூட்டில் வெட்டுகிறவர்களுக்கு அதிகம், மேட்டுநிலத்தில் குறைவு. இதை எந்தக் களைக்கொல்லியின் தலையில் கட்டுவது?

அப்போ கம்பெனிக்கு நற்சான்றிதழா?

அதையும் நான் சொல்லவில்லை. பாராக்வாட் என்ற களைக்கொல்லியைப் பாருங்கள். அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகத்தையே அது முதலில் கெடுக்கும். வெளியேறாமல் தங்கியது நுரையீரலைப் பிடிக்கும். அதன் விஷத்தை முறிக்கும் மருந்து கிடையாது. 2007-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியில்லை. என் கருத்தில் வெயிலும் விஷமும் எதிரெதிர்க் கட்சிகளல்ல. வற்றிய உடம்பின் சிறுநீரில் எந்த நஞ்சும் செறிவாகத்தான் நிற்கும்.

வெயில்தான்னு சொல்லி எங்களையே குற்றவாளி ஆக்குறாங்க!

நிழலும் ஓய்வும் கொடுக்காதவர் குற்றவாளி, வெட்டுகிறவர் அல்ல. இந்த வழக்கை இத்தோடு நிறுத்துகிறேன், வரிசை நீள்கிறது.

கிரியாட்டினின் 0.9. ஓகேவா?

முதல் பதில்.

எனக்கு 1.2 டாக்டர்...

முதல் பதில்தான். வலி மாத்திரை வேண்டாம்.

காலையில அடிச்ச தம்பிக்கு எச்சில் ஊறுது, கண்மணி சுருங்கிப் புள்ளியா இருக்கு.

இங்கே காத்திருக்காதீர்கள். துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவி, மருந்து லேபிளோடு இப்போதே மருத்துவமனைக்கு!

மருந்தடிக்கிற என் வீட்டுக்காரர் துணியை நான்தான் துவைக்கிறேன். எனக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

எடுங்கள் அம்மா. கையுறை போட்டு, பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். அவர் சீட்டையும் கொண்டுவாருங்கள், சேர்த்தே பார்க்கிறேன்.